டுரெக் தூங்கிவிட்டார்

ஆர்வில் ஹேகன் மூன்று புத்தகங்கள் எழுதினார். மூன்றையும் டைப் அடித்தது நான். முதல் புத்தகம் நெப்ராஸ்காவின் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றியது. அதை அவர் மனைவியும் நானும் அச்சுக் கோத்தவரும் படித்திருப்போம். இரண்டாவது புத்தகத்தை எங்கள் கவுண்ட்டியில் படிக்காதவர் கிடையாது. அதில் ஒரு வாக்கியம் பிழை. அந்த ஒரு வாக்கியம் அவரை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ஆல்டா. கெல்வா கல்லூரியின் வரலாற்றுத் துறையில் முப்பத்தோரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஹேகன் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தது 1951இல். அப்போது அவருக்கு முப்பது வயது. ஒல்லியான ஆள், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடும். போரின்போது பெல்ஜியத்தில் ஒரு ராணுவ அலுவலகத்தில் இருந்தாராம். செத்துப்போன சிப்பாய்களின் பெயர், ஊர், எங்கே எப்படிச் செத்தான் என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை.

"துப்பாக்கியைத் தொடவே இல்ல ஆல்டா. ஆனா என் அளவுக்குச் செத்தவங்களை எவனும் பாத்திருக்க மாட்டான். எல்லாம் காகிதத்துல" என்று ஒருமுறை சொன்னார்.

அவர் வளர்ந்தது கெல்வாவுக்கு வடக்கே நாற்பது மைல் தள்ளி ஒரு மக்காச்சோளப் பண்ணையில். அந்த வீட்டில் ஒரே ஒரு படம்தான் மாட்டியிருந்ததாம், அவருடைய அம்மாவின் அக்கா கிளாராவின் படம். பத்தொன்பது வயதில் பள்ளி ஆசிரியை வேலையில் சேர ரயிலேறிப் போனவள், 1913 ஜனவரியில் கெல்வா விபத்தில் செத்துப்போனாள். படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாராம்: "எவனோ ஒரு தூங்குமூஞ்சி கண்ணசந்தான். என் அக்கா போயிட்டா." ஹேகன் நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்.

விபத்து நடந்தது இப்படி. குளிர்கால விடியற்காலை, கனத்த மூடுபனி. மேற்கே போன பாசஞ்சர் வண்டியும் கிழக்கே வந்த கூட்ஸ் வண்டியும் ஒற்றைத் தண்டவாளத்தில், ஊருக்கு ஆறு மைல் தள்ளி, நேருக்கு நேர் மோதின. முப்பத்தேழு பேர் போய்விட்டார்கள். பாசஞ்சரைக் கெல்வா ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்து, கூட்ஸ் வந்து சேர்ந்த பிறகு விட்டிருக்க வேண்டும். அப்படி நிறுத்தச் சொல்லித் தலைமை ஸ்டேஷனில் உள்ள கன்ட்ரோலர் தந்தியில் உத்தரவு அனுப்புவார். கெல்வாவில் உள்ள தந்தி ஆபரேட்டர் அதை எழுதிக்கொண்டு கைகாட்டியை மாற்றி வண்டியை நிறுத்துவார். அன்று கைகாட்டி மாறவில்லை. வண்டி நிற்காமல் போயிற்று.

ஆபரேட்டரின் பெயர் அன்டன் டுரெக். எங்கள் ஊர்ப்பக்கம் நிறைய இருக்கிற செக் குடும்பங்களில் ஒன்று. "எனக்கு உத்தரவே வரல" என்றார் அவர். ரயில் கம்பெனி கன்ட்ரோலரின் பதிவேட்டை எடுத்துக் காட்டியது. ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு உத்தரவு போயிருக்கிறது, கெல்வா பெற்றுக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறது. டுரெக்கின் வேலை போனது. சாட்சி போதாதென்று ஜூரி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. அவர் ஊரைவிட்டும் போகவில்லை. தானியக் கிடங்கில் தரை கூட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் கிடந்து 1931இல் இறந்தார். அவர் தூங்கினாரா இல்லையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. அப்புறம் பேச ஆளில்லாமல் அதுவும் ஓய்ந்தது.

ஹேகன் கெல்வாவுக்கு வேலை தேடி வந்ததே இந்தப் புத்தகத்தை எழுதத்தான் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

டுரெக்கின் மகள் லிபி எங்கள் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் கல்லாவில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பருத்த உடம்பு, நல்ல வாய். மதியம் வரிசையில் வருகிறவர்களின் சாப்பாட்டு அட்டையில் ஓட்டை போடுவார், ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார்.

"இன்னிக்கும் பட்டாணி சூப்தான் புரொஃபசர். வரலாறு திரும்பும்னு கிளாஸ்ல சொல்லுவீங்களாமே, இதையும் சேத்துக்குங்க."

ஹேகன் சிரிப்பார். அவருக்கு வேறு யாரிடமும் சிரிக்க வராது.

1958 வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிபியின் வீட்டுக்கு ஹேகன் போனார். சுருக்கெழுத்துக்காக என்னையும் கூட்டிப்போனார். பிளம் கூழ் வைத்த கோலாச்சே ரொட்டியும் காப்பியும் கொடுத்தார் லிபி. அப்பாவின் தொப்பி, அவருடைய வேலைநீக்கக் கடிதம், ஒரு பழைய கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. தம்பி ஃப்ராங்குக்கு ரெண்டு. அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலில உக்காந்தார். அம்மா கேட்டா. 'கருவி அடிக்கவே இல்லடி, கம்முனு கெடந்துச்சு'ன்னார். சாகற வரைக்கும் அதேதான். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல."

"நான் அதைக் கண்டிப்பா எழுதறேன் மிஸ் டுரெக்."

"அவரை நல்லவர்னு எழுதச் சொல்லல. குடிப்பார். சீட்டாடுவார். எங்கம்மாவை ரெண்டு தடவை அடிச்சிருக்கார். அதெல்லாம் வேணும்னா எழுதிக்குங்க. ஆனா அவர் சொன்னதை அவர் சொன்னபடியே போடுங்க. எனக்கு அது போதும்."

ஹேகன் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் காரில், டுரெக் சொன்னதை என் நோட்டிலிருந்து திரும்பப் படிக்கச் சொன்னார். அவர் அந்தக் கதையை நம்ப விரும்பினார் என்று அன்று நினைத்தேன். அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஹேகன் கொலராடோவுக்குப் போய்விட்டு வந்தார். மோதிய பாசஞ்சரில் பிரேக்மேனாக இருந்து உயிர் பிழைத்த ஒருவர் அங்கே மகள் வீட்டில் இருந்தார். எண்பத்திரண்டு வயது. வண்டி கெல்வாவைத் தாண்டும்போது ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். ஆபரேட்டரின் தலை மேசைமேல் கவிழ்ந்து கிடந்ததாம். சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டுக்கொடுத்திருந்தார். அதற்கு முன் நாற்பத்தேழு வருஷமாக அவர் இதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஹேகன் அன்றே அந்த அத்தியாயத்தை எழுதி என் மேசையில் வைத்தார். நான் பாதியில் நிறுத்தினேன்.

"மூடுபனியில எப்படித் தெரிஞ்சுது இவருக்கு?"

"உள்ள விளக்கு எரிஞ்சுது ஆல்டா."

"வண்டி என்ன வேகம்?"

"நாப்பது மைல்."

"நாப்பது மைல் வேகத்துல, பனியில, ஒரு ஜன்னல் வழியா..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேடு ஒண்ணு சொல்லுது. கண்ணால பாத்தவர் அதையே சொல்றார். ரெண்டும் ஒத்துப்போகுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"தூங்கியிருக்கக்கூடும்னு போடலாமே."

"கூடும், கூடும்னு எழுதித்தான் முதல் புத்தகம் குப்பைக்குப் போச்சு. அடிங்க."

அடித்தேன். *டுரெக் தூங்கிவிட்டார்.*

புத்தகம் 1962இல் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். செத்த முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராக, அவர்கள் எந்த ஊருக்கு எதற்குப் போனார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தார். கிளாராவின் பெட்டியில் புதுச் சாக்பீஸ் டப்பா இருந்தது. அந்தப் பக்கத்தை டைப் அடிக்கும்போது நானே அழுதேன். மாநில அளவில் பரிசு கிடைத்தது. அவர் முழுப் பேராசிரியர் ஆனார். புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய அம்மா கண்ணை மூடினார்.

லிபிக்கு ஒரு பிரதி கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். ஒரு வாரம் லிபி அட்டையில் ஓட்டை மட்டும் போட்டார். எட்டாம் நாள் ஹேகன் தட்டோடு வந்து நின்றபோது அவர் அட்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது. நானும் அதில் நின்றேன்.

"படிச்சேன் புரொஃபசர்."

"மிஸ் டுரெக், நாம அப்புறமா..."

"எங்கப்பா சொன்னதை எங்கே போட்டிருக்கீங்கன்னு தேடினேன். இருநூத்திப் பதினாலாம் பக்கம், அடியில, சின்ன எழுத்துல. என் கண்ணுக்குத் தெரியல. பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்."

"ஆதாரம் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுத முடியும்."

"கோலாச்சே நல்லா இருந்துச்சா அன்னிக்கு?"

ஹேகன் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் முதல் வருஷத்துக்குப் பாடமாகவும் வைத்தார்கள். மாணவர்களுக்கு விளையாட்டு கிடைத்துவிட்டது. கல்லாவுக்கு வந்ததும் மேசையைத் தட்டி, "லிபி, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்பார்கள். முதலில் லிபி பதிலுக்கு ஏதோ சொல்லிப் பார்த்தார். ஒருநாள் காலையில் கல்லாப்பெட்டியின் மேல் யாரோ ஒரு சின்னத் தலையணையை வைத்திருந்தார்கள். அன்றோடு வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே நீராவிச் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது.

ஒமாஹாவில் ரயில்வேயில் வேலை பார்த்த அவர் தம்பி ஃப்ராங்கும் புத்தகத்தைப் படித்தான். படித்துவிட்டு அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினான். அதன்பிறகு கெல்வாப் பக்கம் வரவே இல்லை.

1963இல் விபத்தின் ஐம்பதாம் ஆண்டு. மோதிய இடத்தில் கருங்கல் நாட்டினார்கள். கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை ஹேகனையே எழுதச் சொன்னார்கள். 'இவ்விடத்தில் முப்பத்தேழு உயிர்கள் ஒரு மனிதனின் தூக்கத்துக்குப் பலியாயின.' அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பதினோரு வருஷம் போயிற்று. அந்த ரயில் கம்பெனி நொடித்து, இன்னொரு பெரிய கம்பெனியோடு சேர்ந்தது. தலைமை ஸ்டேஷனில் இருந்த பழைய அலுவலகத்தை இடித்தார்கள். அங்கே கிடந்த காகிதங்களைத் தூக்கி எறிவதற்கு முன் எங்கள் கல்லூரிக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். 1974 பிப்ரவரியில் பதினோரு பெட்டிகள் வந்து நூலகத்தின் நிலவறையில் இறங்கின. ஹேகனும் நானும் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பிரித்தோம்.

ஆறாவது பெட்டியில் கன்ட்ரோலரின் அசல் பதிவேடு இருந்தது. ஹேகன் முன்பு பார்த்தது அதன் நகலை மட்டும்தான். ஆறு மணி நாலு நிமிஷ வரி மட்டும் வேறு மையில், இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதப்பட்டிருந்தது. பதிவேட்டுக்குள் மடித்து வைத்த ஒரு கடிதம். கம்பெனியின் மேலதிகாரி வக்கீலுக்கு எழுதியது. ஹேகன் படித்தார். இன்னொரு முறை படித்தார். என்னிடம் நீட்டினார்.

"சத்தமாப் படிங்க ஆல்டா."

'உத்தரவு அனுப்பப்படவில்லை என்பது நமக்குள் தெரிந்ததே. கன்ட்ரோலர் அன்று இரண்டு மேசைகளை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைக் குறைத்தது நம் முடிவு என்பதால் அது வெளியே போகலாகாது. பதிவேட்டில் பின்னர் சேர்த்த வரி அப்படியே நிற்கட்டும். ஆபரேட்டருக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள்.'

படித்து முடித்தேன். ஹேகன் எழுந்து வெளியே போனார். மேலே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கார் நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். இன்ஜினைப் போடவில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்து அவர் முகம் மறைந்துபோகும் வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் காலையில் நான் கேட்டேன். "லிபிகிட்ட எப்பப் போறோம்?"

"முதல்ல உறுதி பண்ணிக்கணும். மையைச் சோதிக்க லிங்கன் நகரத்துல ஒரு ஆளுக்கு அனுப்பறேன். மேலதிகாரியோட கையெழுத்து வேற எங்கயாவது இருக்கான்னு தேடணும்."

"புரொஃபசர், கடுதாசியே சொல்லுதே."

"ஒரு தடவை அவசரப்பட்டுட்டேன் ஆல்டா. ரெண்டாவது தடவை தப்பு பண்ணினா நான் மனுஷனே இல்ல."

பிப்ரவரி போனது, மார்ச் போனது. வாரத்துக்கு ஒருமுறை நான் கேட்பேன். மையைப் பார்க்கிறவர் ஊரில் இல்லை என்பார், இன்னொரு கையெழுத்து வர வேண்டும் என்பார். அவர் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? லிபி அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார், என் வீட்டிலிருந்து நாலு தெரு. நான் நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் வாயால் சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஜூன் முதல் வாரத்தில் லிங்கனிலிருந்து பதில் வந்தது. மை வேறுதான், பின்னால் எழுதியதுதான். அன்று பிற்பகலே போனோம்.

லிபிக்கு அறுபத்தாறு வயது. சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய், கண்ணும் மங்கியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். ஹேகன் யாரென்று சொன்னதும் கையை மடியில் கட்டிக்கொண்டார். ஹேகன் கடிதத்தைப் படித்தார். லிபி கடைசிவரை கேட்டார்.

"எப்பக் கெடச்சுது இது?"

"பிப்ரவரில."

"இப்ப ஜூன்."

"சரிதானான்னு உறுதி பண்ணிக்க வேண்டியிருந்துச்சு..."

"ஃப்ராங்க் ஏப்ரல்ல செத்தான்."

எங்கள் இருவருக்கும் அது தெரியாது. ஹேகன் கடிதத்தை மடித்தார்.

"பன்னண்டு வருஷம் அவன் என்கூடப் பேசல" என்றார் லிபி. "உன் புத்தகத்தைப் படிச்சுட்டு, 'அப்பா நம்மகிட்டயே பொய் சொல்லியிருக்கார், நீ அதுக்கு வக்காலத்து வாங்கிட்டு இருக்கே'ன்னு எழுதினான். ஆஸ்பத்திரில இருக்கான்னு கேள்விப்பட்டு நானே ஃபோன் பண்ணினேன். மூச்சு வாங்குது அவனுக்கு. 'அப்பாவை மன்னிச்சுட்டேன் லிபி'ன்னான். மன்னிச்சுட்டானாம். எதுக்கு? முழிச்சுக்கிட்டு இருந்ததுக்கா?"

"மிஸ் டுரெக், என்னை..."

"எங்கப்பா தூங்கினார்னு எழுத உனக்கு ஒரு நாள் போதும். தூங்கலன்னு சொல்ல நாலு மாசம் வேணும், இல்ல?"

ஹேகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி.

"கல்லுல வெட்டி வச்சிருக்கியே, அதை எடு. எடுத்துட்டு அப்புறம் வந்து என்ன கேக்கணுமோ கேளு."

அந்தக் கோடை முழுக்க அவர் அலைந்தார். புத்தகம் போட்டவர்கள், விற்பனை நின்று ஆறு வருஷமாயிற்று, திருத்திய பதிப்புக்கு வழியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஒரு வரலாற்றுப் பத்திரிகை அவருடைய திருத்தக் கட்டுரையை ஐந்து பக்கத்தில் போட்டது. அதைப் படித்து அவருக்குக் கடிதம் எழுதியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பக்க எண் ஒன்று தவறியிருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

கல் நகரசபையின் பொறுப்பு. மேயர் ராஸ் ஒப்டால் விதை வியாபாரி, நல்ல மனிதர்தான். கூட்டத்தில் ஹேகன் பேசி முடித்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"ஆர்வில், அந்தக் கல்லை எவன் படிக்கறான்? மாடுகூட அந்தப் பக்கம் போறதில்ல."

"யாரும் படிக்கலைன்னா எடுக்கறதுல என்ன கஷ்டம்?"

"எடுத்தா எல்லாரும் படிப்பான். முப்பத்தேழு குடும்பத்துக்கு ஒரு பதில் கெடச்சிருக்கு. அதைப் பிடுங்கிட்டு வேற என்ன குடுக்கப் போறே? கம்பெனியே இப்ப இல்ல. இல்லாத கம்பெனி மேலயா கோபப்படறது?"

"அந்த மனுஷன் தூங்கல ராஸ்."

"செத்து நாப்பத்து மூணு வருஷமாச்சு. இப்பத் தூங்கிட்டுத்தானே இருக்கான்."

சிலர் சிரித்தார்கள். தீர்மானம் தோற்றது. அடுத்த வருஷமும் கேட்டுப் பார்த்தார், அப்போதும் தோற்றது.

1975 செப்டம்பரில், நல்ல வெயில் அடித்த ஒரு பிற்பகலில், ஹேகன் வகுப்பை ரத்து செய்துவிட்டு ஒரு சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு கல்லிருந்த இடத்துக்குப் போனார். வாழ்நாளில் காகிதத்தைத் தவிர எதையும் வெட்டிப் பழகாத கை. இரண்டு மணி நேரம் அடித்திருக்கிறார். பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் பார்த்து ஷெரிப் அலுவலகத்துக்குச் சொல்ல, வந்த துணை ஷெரிப் அவருடைய பழைய மாணவன்.

"புரொஃபசர், உளியைக் கீழ வைங்க. எனக்கு நீங்க மார்க்கைக் குறைச்சீங்க, அதான் பழி வாங்கறேன்னு ஊர் சொல்லும். தயவு செஞ்சு வைங்க."

நான் நோரீனை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நோரீன் அவருடைய மனைவி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், அதிகம் பேசாதவர். ஷெரிப் அலுவலக பெஞ்சில் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, தலைமுடியெல்லாம் கல்தூளோடு ஹேகன் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருஷமா வீட்ல எங்கூட ஒரு வார்த்தை பேசல" என்றார் நோரீன், துணை ஷெரிப்பிடம். "கல்லுகிட்டப் பேசப் போயிருக்கார்." பிறகு கைக்குட்டையை நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வழக்கு வேண்டாமென்று கல்லூரி பேசி முடித்தது. பதிலுக்கு அந்த வருஷத்தோடு ஓய்வு பெற்றுக்கொள்ளச் சொன்னது. கல்லை நான் போய்ப் பார்த்தேன். வரியில் பாதி சிதைந்திருந்தது. 'தூக்கத்துக்கு' என்ற சொல் ஆழமாக வெட்டப்பட்டிருந்ததால் உளி அதன் அடிவரை போகவில்லை. குனிந்து பார்த்தால் படிக்க முடிந்தது.

கட்டைவிரல் கட்டோடு ஹேகன் லிபியைப் பார்க்கப் போனார், நானும் போனேன். அதற்குள் லிபிக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது.

"எடுத்தாச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களுக்கு யார் போய்க் காட்டப்போகிறார்கள்? நான் கதவருகே நின்று, சொல்லிவிடுங்கள், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பாதிதான் எடுக்க முடிஞ்சுது" என்றார் ஹேகன்.

"பாதி" என்று லிபி திருப்பிச் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் வந்துவிட்டோம். அடுத்த ஜனவரியில் அவர் இறந்தார். செக் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம். ஹேகன் வேலிக்கு வெளியே, ரோட்டிலேயே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் கையசைத்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மூன்றாவது புத்தகத்தை அதன்பிறகு எழுதினார். நூற்றுப் பத்துப் பக்கம்தான். டுரெக் அந்தக் காலையில் என்ன செய்தார், பதிவேட்டில் வரி எப்படி நுழைந்தது, தான் எப்படி ஏமாந்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஏமாந்தேன் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு, 'உண்மை அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன், அதனால் நம்பினேன்' என்று மாற்றினார். அவருடைய பெரியம்மாவையும் எழுதியிருந்தால் தனக்குப் பிடித்திருக்கும் என்று நோரீன் சொன்னார். கிளாரா அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. யாரும் வெளியிட முன்வராததால் ஒரு சின்ன அச்சகத்தில் இருநூறு பிரதி அடித்து நூலகங்களுக்கு அவரே தபாலில் அனுப்பினார். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. அவை கராஜில் அடுக்கியிருந்து, ஒரு மழைக்காலத்தில் ஓதம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

1981 நவம்பரில், வாசலில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபது வயது.

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி போட்டார்கள். 'கெல்வா விபத்தின் மர்மத்தை விடுவித்தவர் மறைவு. ஆபரேட்டரின் தூக்கமே முப்பத்தேழு உயிர்களைக் குடித்தது என்பதைத் தன் புகழ்பெற்ற நூலில் நிறுவியவர்.'

நான் ஆசிரியருக்கு ஃபோன் செய்தேன். புதிதாக வந்திருந்த பெண், வெளியூர்.

"அவர் அதைத் தப்புன்னு எழுதிட்டாரேம்மா. தனியா ஒரு புத்தகமே போட்டார். உங்க பத்திரிகையிலயே ஏழாம் பக்கத்துல செய்தி வந்துச்சு."

"அப்படியா? எனக்குப் பழைய ஃபைல்ல இதுதான் கெடச்சுது. ரொம்ப ஸாரி. அடுத்த வாரம் கண்டிப்பா திருத்தம் போட்டுடறேன். அந்த ஆபரேட்டர் பேர் என்ன சொன்னீங்க?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை திருத்தம் வந்தது. விதைச்சோள விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி. 1913 விபத்தின்போது பணியில் இருந்த திரு. டோரன் தூங்கவில்லை என்று பின்னாளில் தெரியவந்ததாம்.

டோரன் என்ற பெயரில் எங்கள் கவுண்ட்டியில் யாரும் இருந்ததில்லை. நோரீனிடம் காட்ட வேண்டாமென்று பத்திரிகையை மடித்து வைத்தேன். அவர் அதற்குள் பார்த்திருந்தார். "விட்டுடு ஆல்டா" என்றார். நான் அதன்பிறகு ஃபோன் செய்யவில்லை.